முண்டு, வேட்டி, சாரம்: குமரி எல்லையில் ஆண் உடைக்கு ஒரு தொடக்கப் பாடம்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வழியில் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். இந்தத் தூரத்துக்குள் இடுப்பில் கட்டும் அதே வெள்ளைத் துணிக்குப் பெயர் மாறிவிடும். தோவாளைப் பக்கம் வேட்டி. விளவங்கோட்டில் வேட்டியும் உண்டு, முண்டும் உண்டு. பாறசாலை தாண்டினால் முண்டு மட்டும்தான். அங்கே வேட்டி என்று கேட்டால் துணி கிடைக்கும், கூடவே 'தமிழ்நாட்டு ஆள்' என்ற பெயரும் கிடைக்கும். பெயர் மாறுவதோடு போனால் பரவாயில்லை. அதோடு நீளம், மடிப்பு, கரை, நிறம், எந்த இடத்துக்கு உடுத்துப் போகலாம் என்பதெல்லாம் சேர்ந்து மாறும்.

ஆகவே புதிதாக இங்கே கல்யாணத்துக்கோ ஓணத்துக்கோ துணி எடுக்க வருகிறவர் பெயரை நம்பி எடுக்க வேண்டாம். அளவைச் சொல்லி எடுக்கட்டும். பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் உங்கள் ஊர், வயது, வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் ஊகித்துத்தான் எடுத்துப் போடுவார். "வீட்டுல உடுக்கதுக்கா, வெளிய போறதுக்கா அண்ணே?" என்று அவர் கேட்பது அதற்குத்தான். அவர் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறுகிற இடங்களைப் பற்றித்தான் இனிப் பேச்சு.

சொல்லும் துணியும்

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதுவரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. கச்சேரி என்ற அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் சந்தையும் பத்து தலைமுறை மலையாளத்தோடு கலந்து புழங்கிய ஊரில் உடைச் சொற்கள் மட்டும் தனித்து நிற்குமா? ஆனால் இங்கே கேட்கும் எல்லாவற்றையும் மலையாளம் என்று தள்ளிவிடவும் கூடாது.

துவர்த்து என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டுத் துடைக்கும் துண்டுக்குக் குமரிப் பேச்சில் துவர்த்து. மலையாளத்தில் தோர்த்து. துவர்த்துதல் என்றால் ஈரம் போகத் துடைத்தல். மற்ற மாவட்டங்களில் 'தலையைத் துவட்டு' என்கிறோமே, அதே வினைதான். வினை எங்கும் இருக்கிறது, அதிலிருந்து பெயர் உண்டாக்கிக்கொண்டது மட்டும் இந்த மூலை. துணி என்பது துணித்தது, துண்டு என்பது துண்டித்தது. இரண்டும் தறியிலிருந்து வெட்டி எடுத்த துணியைச் சொல்பவை. வேட்டி என்ற சொல்லையும் வெட்டியது என்றே விளக்குவோர் உண்டு. சுற்றுவது என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வேஷ்டி வழியாக வந்தது என்போரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. துணி வாங்க அது தீர வேண்டியதும் இல்லை.

சாரம் என்றால் இரண்டு முனையும் சேர்த்துத் தைத்த, கட்டம் போட்ட, வீட்டிலும் வேலைக்காட்டிலும் உடுக்கும் துணி. மற்ற மாவட்டங்களில் இது கைலி அல்லது லுங்கி. இலங்கைத் தமிழிலும் சாரம்தான். மலாய் மொழியின் சாரோங்கோடு இதற்கு உறவு உண்டு என்பார்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும், கடற்கரையில் வலை இழுப்பவருக்கும் இதுவே உடை. சாரம் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் கல்யாண வீட்டுப் பந்திக்கு ஆகாது. கேரளத்தில் காவி நிற முண்டுக்கும் இதே நிலைதான்: திண்ணைக்கும் டீக்கடைக்கும் சரி, மேடைக்குச் சரியில்லை. மற்ற ஊர்த் தமிழர்கள் காவியைக் கண்டதும் சாமியார் அல்லது மாலை போட்டவர் என்று நினைத்துக்கொள்வார்கள். திருவனந்தபுரத்தில் காவி முண்டு உடுத்தவர் காய்கறி வாங்க வந்தவராகத்தான் இருப்பார்.

தோளில் போடும் மெல்லிய துணி நேரியல். அங்கவஸ்திரம் என்று எழுத்தில் வரும். பேச்சில் நேரியல் அல்லது துண்டு. நேரிய என்றால் நுண்ணிய, மெல்லிய. மலையாளத்தில் நேரியது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேட்டியும் நேரியலும் சேர்ந்த ஜோடி வேண்டும் என்று நினைத்துக் கேரளத்துக் கடையில் போய் "ஒரு செட்டு" என்று கேட்டால், செட்டு முண்டு எடுத்து விரிப்பார்கள். அது பெண்கள் உடுப்பது. முண்டும் நேரியதும் என்ற பழைய இரண்டு துண்டு உடை. ஆணுக்கு வேண்டுமானால் "டபுள் முண்டு, கூட நேரியது" என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

கோடி இன்னொரு பொறி. கோடி என்றால் தண்ணீர் படாத புதுத்துணி. ஓணத்துக்குக் கொடுப்பது ஓணக்கோடி. சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும் துணி. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் கோடி போடுவது என்றால் இழவு வீட்டுச் சடங்கு. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் துணிக்கு அந்தப் பெயர். மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்த சம்பந்தியிடம் "உங்களுக்குக் கோடி எடுத்து வச்சிருக்கோம்" என்று சொல்லிவிடாதீர்கள். புதுத்துணி என்று சொன்னால் யாருக்கும் நெருடாது.

கரை என்பது வெறும் கோடு இல்லை

எல்லையோரத்தில் அதிகம் குழப்புவது கரைதான். வேட்டியின் நீளவாக்கில் இரண்டு ஓரத்திலும் ஓடும் நிறக்கோடு கரை. முனைகளில் குறுக்காக வருவது குறுக்குக் கரை. அரை அங்குலம் முதல் நான்கு விரல் அகலம் வரை கிடைக்கும்.

கேரளத்தில் கரையின் நிறம் ருசி சம்பந்தப்பட்டது. கறுப்புக் கரை, பச்சைக் கரை, மெரூன் கரை என்று சட்டைக்குப் பொருத்தமாக எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 'கரை வேட்டி' என்ற இரண்டு சொல்லுக்கு அகராதிப் பொருளே போய்விட்டது; கரை வேட்டி என்றால் கட்சிக்காரர். கறுப்பு சிவப்பு இரண்டும் சேர்ந்து ஓடினால் தி.மு.க.; நடுவில் வெள்ளை வந்தால் அ.தி.மு.க. நெய்யாற்றின்கரையில் அழகாக இருக்கிறது என்று கறுப்பும் சிவப்பும் கலந்த கரையில் முண்டு எடுத்து, நாகர்கோவில் கல்யாணத்துக்கு உடுத்துப் போனவரை மண்டப வாசலில் கட்சிக்காரர் என்று நினைத்து முன்வரிசைக்கு அழைத்துப் போனால் வியப்படைய வேண்டாம். மாறாக, தமிழ்நாட்டுக் கட்சி வேட்டியோடு திருவனந்தபுரத்துக்குப் போகிறவரை அங்கே யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் செல்லும் துணி வேண்டுமானால் ஒற்றை நிறக் கரை எடுங்கள், அல்லது கசவு. கசவு என்றால் ஜரிகை. விருந்தாளிக்கு அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை போதும். அதற்கு மேல் அகலமான கசவு மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் உரியது என்பது எழுதாத வழக்கம். மாப்பிள்ளையை விடப் பெரிய கரையோடு வரும் விருந்தாளியைப் புகைப்படக்காரர் மன்னிப்பார், பெண் வீட்டுப் பெரியம்மா மன்னிக்க மாட்டார்.

நிறத்தில் இன்னொரு வேறுபாடு. தமிழ்நாட்டு வேட்டி சலவை செய்த பால் வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை. கேரளத்துக் கசவு முண்டு பெரும்பாலும் சலவை செய்யாத நூலில் நெய்த சந்தன வெள்ளை. அழுக்கு என்று நினைத்து இதற்கு நீலம் போட்டால் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல் நிறம் வரும். பல அலசலுக்குப் பிறகே அது போகும்.

'மலையாளி முண்டு' என்று நாம் சொல்லும் இந்தக் கசவுத் துணிக்குப் பேர்போன பாலராமபுரத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா (1798–1810) காலத்தில் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து சாலியர் என்ற நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தித் தொடங்கிய நெசவு அது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெருமையை நெய்த கைகள் இந்தப் பக்கத்திலிருந்து போனவை.

எத்தனை முழம், எத்தனை நம்பர்

ஒரு முழம் 18 அங்குலம், கிட்டத்தட்ட 46 செ.மீ. நாலு முழ வேட்டி 1.83 மீட்டர், எட்டு முழம் 3.66 மீட்டர். கடைகளில் இதையே சிங்கிள் 2 மீட்டர், டபுள் 3.6 முதல் 4 மீட்டர் என்று விற்கிறார்கள். 9×5 என்று அட்டையில் இருந்தால் அது நீளமும் அகலமும் இல்லை. ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும் சேர்ந்தது. பஞ்சகச்சம் கட்டுகிறவர்களுக்கு உரியது அது. சாதாரணமாக உடுக்க அதை எடுத்தால் கால்களுக்கு நடுவில் ஒரு மூட்டை துணி மிஞ்சும்.

டபுள் எதற்கு? மெல்லிய நூல் வெளிச்சத்தில் ஊடுருவித் தெரியும். அதனால் நீளத்தை இரண்டாக மடித்து இரட்டையாக உடுக்கிறோம். அப்படி மடிக்கும்போது 4 மீட்டர் துணி இடுப்பைச் சுற்ற 2 மீட்டர்தான் தரும். 3.6 மீட்டர் துணி தருவது 1.8. இங்கேதான் கணக்கு போட வேண்டும். இடுப்பு 90 செ.மீ. என்றால் 1.8 மீட்டர் சரியாக இரண்டு சுற்று வரும். இடுப்பு 110 செ.மீ. என்றால் ஒரு சுற்று போக 70 செ.மீ.தான் மிச்சம், உள்முனை எதிர் இடுப்பைக் கொஞ்சம்தான் தாண்டும், நடக்கும்போது முன்பக்கம் விலகலாம். இடுப்பு 100 செ.மீ.க்கு மேல் உள்ளவர் 4 மீட்டர் முழுதாக இருக்கிறதா என்று அளந்து வாங்க வேண்டும். அட்டையில் 'டபுள்' என்று மட்டும் போட்டிருந்தால் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். தயக்கம் வேண்டாம், கடையில் மீட்டர் கோல் இருப்பதே அதற்குத்தான்.

அகலம் பெரும்பாலும் 50 அங்குலம், அதாவது 127 செ.மீ. இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலான உயரத்தோடு மேலே சுருட்டுவதற்கு 12 செ.மீ. சேர்த்துப் பாருங்கள். மிக உயரமானவருக்கு 50 அங்குலம் போதாமல் போகலாம். அப்படியானால் 52 அல்லது 54 அங்குலம் கேட்க வேண்டும். தூய பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நம்பர் என்பது நூலின் நுண்மை. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம் (நூற்கட்டு) எத்தனை வருகிறதோ அதுவே நம்பர். 40 தடிப்பு, அன்றாடத்துக்கு. 60, 80 நல்ல உடைக்கு. 100 மிக மெல்லியது. டபுளாக மட்டுமே உடுக்க முடியும். நம்பர் கூடினால் தரம் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். குமரியின் மழைக்காலத்தில் 100 நம்பர் சிங்கிள் உடுத்து நனைந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

உடுப்பது எப்படி

கோடித் துணியை அப்படியே உடுக்க வேண்டாம். ஆலையில் போட்ட கஞ்சி வழுக்கும், சுருட்டல் நிற்காது. ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே முட்டுக்கு மேல் நிற்கும் நிக்கர் அவசியம். வெள்ளைத் துணிக்கு உள்ளே வெள்ளை நிக்கர்தான் அதிகம் தெரியும். தோல் நிறத்தை ஒட்டியது தெரியாது.

டபுளின் நீளத்தைப் பாதியாக மடித்தால் ஒரு பக்கம் மடிப்பு ஓரம், மறுபக்கம் குறுக்குக் கரையுள்ள இரண்டு முனைகளும் சேர்ந்திருக்கும். மடிப்பு ஓரம் உள்ளே போக வேண்டும், முனைகள் வெளியே வர வேண்டும். கால்களை ஒரு சாண் அகட்டி நின்று, துணியை முதுகுக்குப் பின்னால் பிடித்து, கீழ் ஓரம் கணுக்கால் எலும்பில் படுமாறு உயரத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மடிப்பு ஓரத்தை எதிர் இடுப்பு வரை கொண்டுபோய், வெளி ஓரத்தை விட இரண்டு விரல் மேலே தூக்கிப் பிடியுங்கள். இப்படித் தூக்காவிட்டால் உள்துணி கீழே எட்டிப் பார்க்கும். பிறகு முனைகளை அதன் மேல் கொண்டுவந்து மறு இடுப்பில் இறுக்கிப் பிடித்து, மேல் ஓரத்தை இரண்டு விரல் அகலத்தில் இரண்டு அல்லது மூன்று முறை வெளிப்புறமாகச் சுருட்டுங்கள். வலமா இடமா என்பதில் வீட்டுக்கு வீடு, மதத்துக்கு மதம் பழக்கம் உண்டு; உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றை எக்கிக்கொண்டு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. பந்தியில் இரண்டாவது பாயசம் வரும்போது சுருட்டல் தானாக அவிழும். சாதாரணமாக மூச்சு விட்டபடி கட்டி, ஒருமுறை நாற்காலியிலும் ஒருமுறை தரையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நின்றால் பின்சுருட்டல் அதிகம் என்று அர்த்தம். நடக்கையில் விலகினால் உள்முனை இடுப்பை எட்டவில்லை. மொத்தமாக இறங்கிக்கொண்டே வந்தால் பாலியெஸ்டர் கலப்பா என்று பாருங்கள். அந்தத் துணிக்குப் பெல்ட் போடுவதைத் தவிர வழியில்லை. படி ஏறும்போது இடக்கையால் முன் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பிடிக்க வேண்டும். இதைச் சொல்லித் தராததால் மண்டபப் படிகளில் எத்தனையோ மாப்பிள்ளைத் தோழர்கள் தம் கரையைத் தாமே மிதித்திருக்கிறார்கள்.

மடக்கிக் குத்துவது தனிக் கலை. கீழ் ஓரத்தை எடுத்து முட்டுவரை மடித்து இடுப்பில் செருகுவதற்கு இந்தப் பெயர். வேறு மாவட்டங்களில் மடிச்சுக் கட்டுவது. வேலைக்கும் நடைக்கும் மழைக்கும் வசதி. ஆனால் பெரியவர் எதிரே வந்தால், கோயில் நடையில், சர்ச் வாசலில், துக்க வீட்டில் அதை இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கவனித்துக்கொள்வார்கள். இந்த மரியாதைக்குப் பின்னால் கசப்பான ஒரு நினைவும் இருக்கிறது. முட்டுக்குக் கீழே யார் துணி இறங்கலாம், யார் தோளில் துணி கிடக்கலாம் என்று சாதிக்குச் சாதி விதி வைத்திருந்த நாடு திருவிதாங்கூர். தோள்சீலைப் போராட்டம் நடந்ததும் இந்த மண்ணில்தான்; 1859 ஜூலை 26 அறிவிப்புக்குப் பிறகே நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை சட்டப்படி கிடைத்தது. ஒரு காலத்தில் துணியை இறக்கி உடுப்பதே குற்றமாக இருந்த ஊரில் இன்று இறக்கி விடாதது மரியாதைக் குறைவு. 'இதெல்லாம் சும்மா ஸ்டைல்' என்று இங்கே யாராவது சொன்னால் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

கோயில்களில் விதி இன்னும் கறார். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் அதோடு பேண்ட்டும் கூடாது, முண்டு உடுத்தே ஆக வேண்டும்.

கசவு, கஞ்சி, கறை

அசல் கசவு பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் ஏற்றியது. அதற்கு அடுத்தது செம்புக் கம்பி. கடைசியில் வருவது பளபளக்கும் பாலியெஸ்டர் இழை. முனையில் தொங்கும் ஓர் இழையை எடுத்து நெருப்பில் காட்டினால் பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். அசலில் மேலுறையைச் சுரண்டினால் உள்ளே பட்டு இழை தெரியும். செம்புக் கசவு வேர்வையின் உப்பில் கறுக்கும்; கடற்காற்று உள்ள குளச்சலிலும் கன்னியாகுமரியிலும் இன்னும் சீக்கிரம். உடுத்த அன்றே நிழலில் காற்றாடப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி வைப்பதுதான் பாதுகாப்பு. பிளீச்சிங் எந்தக் கசவுக்கும் ஆகாது. தேய்க்கும்போது கசவின் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்து அதன்மேல் தேய்க்க வேண்டும்.

கஞ்சிக்கு ஒரு டபுள் முண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி மைதா அல்லது ஜவ்வரிசி மாவு போதும். அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடி போல ஆகும்வரை நாலைந்து நிமிடம் கிளறுங்கள். துணியில் வடிகட்டிய பிறகு இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்த்து முண்டை முக்குங்கள். வடிகட்டாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சோறு வடித்த கஞ்சியும் நல்லதுதான், ஆனால் குமரி வீடுகளில் சிவப்பரிசி அதிகம். அந்தக் கஞ்சி துணிக்கு லேசான செம்மை ஏற்றும். நீலம் போடுவதாக இருந்தால் ஒரு மக்கில் நன்றாகக் கரைத்த பிறகே வாளியில் ஊற்ற வேண்டும். அரை ஈரத்தில் தேய்த்தால் மடிப்பு கத்தி போல நிற்கும். கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் அலமாரியில் அடுக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து, மடிப்பு விழுந்த கோட்டில் துணி இற்றுப்போகும். எடுத்து வைப்பதானால் கஞ்சியை அலசி எடுத்துவிட்டு வையுங்கள்.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துவிடும், பயப்பட வேண்டாம். சோப்பை அலசி வெயிலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் மஞ்சள் தானாக வெளுக்கும். வாழைக் கறையும் ரப்பர் பாலும் போகாது. வாழைத் தோட்டத்துக்குள் நல்ல முண்டோடு போகக் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம்.

கட்டுவதா, உடுப்பதா, போடுவதா

உடை மாறுவது முதலில் வினைச்சொல்லில்தான் தெரியும். வேட்டியைக் கட்டுகிறோம், சட்டையைப் போடுகிறோம். குமரியில் முண்டையும் சாரத்தையும் உடுக்கிறார்கள். சுற்றி முடிவது எல்லாம் கட்டு அல்லது உடு. தைத்து முடித்து உள்ளே கையோ காலோ நுழைப்பது எல்லாம் போடு. ஒரு புதிய உடை வரும்போது எந்த வினை அதற்கு ஒட்டுகிறது என்று பார்த்தால் மக்கள் அதை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்பது விளங்கும். வெல்க்ரோ வைத்த ஒட்டு வேட்டி வந்தபிறகு இளைஞர் பேச்சில் "வேட்டி போட்டுட்டு வா" என்பது சாதாரணமாகக் கேட்கிறது. பிழை என்று பெரியவர்கள் திருத்துவார்கள். அந்தத் துணியைப் பார்த்தால் சொல் பிழையாகத் தெரியவில்லை: பையும் இருக்கிறது, ஒட்டும் பட்டையும் இருக்கிறது, முடிய எதுவும் இல்லை.

ஒட்டு வேட்டி வாங்குகிறவர் இடுப்பளவை மட்டும் பார்க்கிறார், உயரத்தைப் பார்ப்பதில்லை. சுருட்டி உயரம் சரிசெய்யும் வசதி அதில் குறைவு என்பதால் கணுக்கால் வரை வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். துவைக்கும் முன் பட்டையை ஒட்டி மூடுங்கள். திறந்தபடி துவைத்தால் அதன் கொக்கிகளில் பஞ்சு அடைத்துப் பிடிப்புப் போகும், பக்கத்தில் கிடக்கும் கசவு இழையையும் இழுத்துவிடும்.

மேலுடையில் வெள்ளைச் சட்டையின் தனி ஆட்சி முடிந்து, கரையின் நிறத்திலேயே சட்டைத் துணியும் சேர்ந்து வரும் மேட்சிங் செட் மேலே வந்திருக்கிறது. குழுவாக ஒரே நிறத்தில் எடுப்பதானால் ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து எடுங்கள். சாயம் காய்ச்சிய தொகுதி மாறினால் நிறம் ஒரு பிடி ஏறும் இறங்கும், புகைப்படத்தில் அது நன்றாகவே தெரியும். வேட்டிக்கு மேல் சட்டையை வெளியே விடுவதாக இருந்தால் சட்டை இருக்கைப் பகுதியின் பாதிவரை நின்றால் போதும். பேண்ட்டுக்குள் செருகத் தைத்த நீண்ட வால் சட்டை வேட்டியின் மேல் தொங்கினால் பாவாடை போலத் தெரியும்.

பேண்ட்டுக்கு இந்தப் பக்கத்தில் பழைய சொற்களும் உண்டு. மலையாளத்தில் களசம், இலங்கைத் தமிழில் களிசான். இரண்டும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. பித்தான், இஸ்திரி, அலமாரி என்று நாம் அன்றாடம் சொல்பவையும் அந்தக் கப்பலில் வந்தவைதான். வேட்டி கட்டியவரைக் கிளப் வாசலில் நிறுத்தியது மட்டும் பிற்காலத்து ஆங்கில நாகரிகம். 2014இல் சென்னையில் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் வேட்டிக்காகத் தடுத்தபோது, அதே ஆண்டு சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு உடை கோட்டும் சூட்டும். தமிழில் சூட்டு என்றால் வெப்பமும் ஆகும். ஏப்ரல் மாதச் சர்ச்சில் நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தக் கரையோர ஈரக்காற்றுக்குக் கம்பளிக் கலப்பு மெல்லியதாகவும், உள்துணி முதுகின் மேற்பாதிக்கு மட்டும் வைத்ததாகவும் இருப்பது நல்லது. முழு உள்துணி பாலியெஸ்டராக இருந்தால் வேர்வை வெளியேற வழியில்லாமல் முதுகில் ஒட்டும். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அது தப்பினால் எந்தத் தையற்காரராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். கோட்டின் கைக்கு வெளியே சட்டைக் கை ஒரு செ.மீ. தெரிய வேண்டும். கடைசிப் பித்தானைப் போடாமல் விட வேண்டும். உட்காரும்போது எல்லாப் பித்தானையும் அவிழ்த்துவிட வேண்டும். கடையிலிருந்து வந்த புதுக் கோட்டின் பின்பிளவில் குறுக்காக ஒரு தற்காலிகத் தையல் இருக்கும், கையின் வெளிப்புறத்தில் கம்பெனித் துணிச் சீட்டு ஒன்று தைத்திருக்கும். இரண்டையும் கத்தரிக்கோலால் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆல்பத்தில் மணமகனின் முதுகில் அந்த எக்ஸ் தையல் அப்படியே இருக்கும் கல்யாணங்கள் இங்கே குறைவில்லை.